கீழிருந்து வரும் சொல்

1990-களின் தொடக்கம். வங்கிகளில் கணினி பரவலாக வந்திராத காலம். மாவட்டத் தலைநகர் ஒன்றின் கடைவீதியில் இருந்த ஒரு வங்கிக் கிளையில், மாலை நான்கு மணிக்கு வாடிக்கையாளர் கூட்டம் ஓய்ந்து, அன்றைய கணக்கை முடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பணம் வழங்கும் கவுன்ட்டரில் இருந்த காசாளர் தம் கையிருப்பை மூன்றாம் முறையாக எண்ணினார். மூன்று முறையும் விடை ஒன்றே. பத்தாயிரம் ரூபாய் குறைந்தது.

நூறு ரூபாய் நோட்டுகள் நூறு சேர்ந்தது ஒரு கட்டு. ஒரு கட்டின் மதிப்பு பத்தாயிரம். ஆகவே நடந்தது என்னவென்று ஊகிப்பது கடினமாக இல்லை. எவருக்கோ ஒரு கட்டு கூடுதலாகப் போயிருக்கிறது. அன்று கட்டுக்கட்டாகப் பணம் பெற்றவர்கள் ஏழெட்டுப் பேருக்கு மேல் இல்லை. அவர்களுடைய காசோலைகளைப் பார்த்து முகவரி குறித்துக்கொண்டு, கிளையிலிருந்து இருவர் சைக்கிளில் புறப்பட்டிருந்தால், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் விவரம் தெரிந்திருக்கும்.

அதற்கு அந்தக் காசாளர் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். பத்தடி தொலைவில் இருந்த மேலாளரின் அறைக்குச் சென்று, "சார், பத்தாயிரம் குறைகிறது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவர் போகவில்லை.

காரணம் அதற்கு முந்தைய மாதம் நடந்தது. அன்று குறைந்தது வெறும் இருநூறு ரூபாய். செய்தி கேட்டு அறையிலிருந்து வெளியே வந்த மேலாளர், வரிசையில் நின்றவர்களின் எதிரிலேயே, "இருபது வருஷம் பணம் எண்ணியவருக்கு இருநூறு ரூபாயை எண்ணத் தெரியவில்லையா?" என்று உரத்த குரலில் கேட்டார். வரிசையில் மூன்றாவதாக நின்றவர், காசாளருடைய மகளின் பள்ளி ஆசிரியை. காசாளர் அந்த இருநூறு ரூபாயை மறுநாளே மறந்துவிட்டார். ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டதை மறக்கவில்லை.

எனவே அவர் தம் வீட்டுக்கு அடுத்திருந்த மருந்துக்கடைக்குத் தொலைபேசி செய்து, மனைவியை அழைத்துவரச் சொன்னார். அரைமணி நேரத்தில் அந்த அம்மையாரின் கழுத்துச் சங்கிலியும் இரண்டு வளையல்களும் வட்டிக்கடைக்குப் போயின. மைத்துனர் பணத்தைக் கொண்டுவந்து, பக்கவாட்டுக் கதவருகில் கொடுத்துவிட்டுச் சென்றார். கையிருப்பு சரியாயிற்று. பெட்டகத்தின் இரு சாவிகளும் திரும்பின. மேலாளர் கையெழுத்திட்டார். அந்தக் கிளையின் பதிவேடுகளைப் பொறுத்தவரை அன்று எதுவும் நடக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் அரிசி ஆலை ஒன்றின் கணக்குப்பிள்ளை மஞ்சள் பையுடன் வந்தார். நெல் கொள்முதலுக்காகக் கிராமங்களுக்குப் போயிருந்த இடத்தில் கட்டுகளைப் பிரித்தபோதுதான் ஒன்று கூடுதலாக இருப்பது தெரிந்ததாம். மேலாளர் அவருக்கு நன்றி சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்தார். பின்னர் அன்றைய தேதிக்குரிய கணக்கைப் புரட்டினார். குறைவு எதுவும் பதிவாகவில்லை. கணக்கு காசு பிசகாமல் நேராக இருந்தது.

அவர் காசாளரை அழைத்தார். காசாளர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த மேலாளர் தீயவர் அல்லர். காலையில் முதலில் வருபவரும் மாலையில் கடைசியாகப் போகிறவரும் அவரே. கை சுத்தமானவர். தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கைகளை வாரந்தோறும் ஊழியர்களைக் கூட்டிப் படித்துக் காட்டுவார். வைப்புத்தொகை இலக்கைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். ஊழியர்களோடு தகவல் தொடர்பு சிறப்பாக இருப்பதாகவே அவர் நம்பியிருந்தார். ஆனால் அந்தக் காலை நேரத்தில் அவருக்கு ஓர் உண்மை விளங்கிற்று. தம்மோடு நாள்தோறும் பணிபுரியும் ஒரு நேர்மையான மனிதர், இக்கட்டு வந்தபோது பத்தடி தொலைவில் இருந்த தம்மை விட்டுவிட்டு, தெருக்கோடியில் இருந்த வட்டிக்கடைக்காரரை நாடியிருக்கிறார்.

ஒருவழிப் பாதை

பணியாளர்களை நடத்துவது பற்றிப் பேசும்போது, மேலிருந்து கீழே செல்லும் சொல்லைப் பற்றியே பெரிதும் பேசுகிறோம். கட்டளை தெளிவாக இருக்க வேண்டும், இலக்கு திட்டவட்டமாக இருக்க வேண்டும், ஊக்கமூட்டும் சொற்களைப் பேச வேண்டும் என்றெல்லாம் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகிறது. அவையெல்லாம் தேவையே. ஆயினும் அவை பாதையின் ஒரு பக்கம் மட்டும். ஒரு நிறுவனம் நிலைப்பதும் நொறுங்குவதும் பெரும்பாலும் மறுபக்கத்தைப் பொறுத்தது. கீழே இருப்பவருக்குத் தெரிந்த கசப்பான செய்தி, கெட்டுப்போவதற்கு முன் மேலே வந்து சேர்கிறதா என்பதே அந்த மறுபக்கம்.

வேலை நடக்கும் இடத்தில் இருப்பவருக்கே கோளாறு முதலில் தெரியும். இயந்திரத்தின் ஓசை மாறுவது அதை இயக்குபவருக்குத் தெரியும். கடன் வாங்கியவர் கடையை மூடப்போகிறார் என்பது அந்தத் தெருவில் வசிக்கும் எழுத்தருக்குத் தெரியும். மேலாளருக்குத் தெரியவரும்போது அது பெரும்பாலும் சேதமாகிவிட்டிருக்கும். இடைப்பட்ட நாட்களில் சேதத்தைத் தடுக்கக்கூடியது அந்த ஊழியரின் ஒரு சொல்தான். அந்தச் சொல்லைக் கட்டளையிட்டுப் பெற முடியாது. அது தானாக வர வேண்டும். வருமாறு இருப்பதே மேலாளரின் வேலை.

அரசனுக்குரிய பண்புகளைக் கூறும் இறைமாட்சி அதிகாரத்தில், கேட்பதற்குக் கசப்பான சொல்லைப் பொறுக்கும் ஆற்றலையும் ஒரு பண்பாகத் திருவள்ளுவர் வைத்திருக்கிறார். படையையும் செல்வத்தையும் சொல்லிய அதே அதிகாரத்தில் செவியின் பொறுமைக்கும் இடம் தந்திருக்கிறார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மீனவர் கொண்டுவந்த செய்தி

ராமேஸ்வரம் செல்லும் குடும்பங்கள் பழைய பாம்பன் பாலத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த ரயில் பாலம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் கொண்டது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. பாலத்தின் தூண்கள் நின்றன. அவற்றின் மீது கிடந்த இரும்பு உத்திரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை கடலுக்குள் போயின. கப்பல்களுக்காகத் தூக்கித் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது.

பாலத்தைச் சீரமைக்க ஆறு மாதம் என்று ரயில்வே வகுத்தது. தெற்கு ரயில்வேயின் தலைமை அதை மூன்று மாதமாகக் குறைத்தது. நேரில் நின்று முடிக்க வேண்டிய பொறுப்பு, அப்போது 32 வயதாகியிருந்த இ. ஸ்ரீதரன் என்ற பொறியாளரிடம் வந்தது. பிற்காலத்தில் கொங்கண் ரயில் பாதையையும் தில்லி மெட்ரோவையும் உருவாக்கியவர் அவரே.

இத்தனை உத்திரங்களுக்கு எங்கே போவது? நாட்டின் தொலைதூர இடங்களிலிருந்து அவற்றைத் தருவித்துக் கொண்டுவந்து பொருத்துவது என்று எண்ணியிருந்தார்கள். அதற்கே நாட்கள் போய்விடும். அந்த வேளையில்தான் மீனவர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. அடித்துச் செல்லப்பட்ட உத்திரங்கள் பாலத்துக்கு அப்பால் கடலடியில் கிடக்கின்றன என்பதே செய்தி. பார்த்தால் உண்மைதான். கிடந்தவற்றைத் தூக்கியெடுத்து மீண்டும் தூண்களின் மீது ஏற்றும் வேலை தொடங்கிற்று. ஆறு மாதம் என்று வகுக்கப்பட்ட பணி 46 நாட்களில் முடிந்தது.

இந்த விரைவுக்கு ஸ்ரீதரனின் திட்டமும், அவர் பணியிடத்தை விட்டு அகலாமல் நின்றதும், தொழிலாளர்களின் உழைப்பும் காரணங்கள். எனினும் அந்த மீனவரைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும். ரயில்வேயின் பதவி வரிசையில் அவருக்கு இடமே இல்லை. அவர் பொறியாளர் அல்லர், ஒப்பந்தக்காரர் அல்லர், கூலியாளும் அல்லர். அவருடைய சொல் வேலையின் தலைவரை எட்டிற்று. எட்டிய சொல் மதிக்கப்பட்டு, சரிபார்க்கவும்பட்டது. பணியிடத்தில் நின்ற தலைவருக்கு அது காதில் விழுந்தது. தொலைவில் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தால், உத்திரங்கள் கடலடியிலேயே கிடந்திருக்கக்கூடும்.

அதே கடலின் கரையில் நடந்ததாக ராமாயணம் சொல்லும் காட்சியும் அன்பர்களுக்கு நினைவு வரலாம். அடைக்கலம் தேடி விபீஷணன் வந்து நிற்கிறான். ஏற்பதா, விலக்குவதா? முடிவெடுக்கும் அதிகாரம் ராமனுடையது. ஆயினும் அவன் சூழ்ந்திருந்தவர்களின் கருத்தைக் கேட்கிறான். சுக்ரீவன் கடுமையாக எதிர்க்கிறான். வேறு பலர் ஐயம் தெரிவிக்கிறார்கள். அனுமன் அவர்களிலிருந்து மாறுபட்டு, ஏற்கலாம் என்கிறான். எல்லோரும் பேசி முடித்த பிறகே ராமன் தன் முடிவையும் அதன் காரணத்தையும் சொல்கிறான். அக்கரையில் இலங்கை அரசவையிலோ, இதே விபீஷணன் கசப்பான உண்மையைச் சொன்னதற்காக இழிவுபடுத்தப்பட்டிருந்தான். இரண்டு அவைகளில் எது வென்றது என்பது அனைவருக்கும் தெரியும்.

நடுவழியில் நின்ற எச்சரிக்கை

சொல் மேலே வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த துயரமான சான்று, 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று அமெரிக்காவில் நடந்தது. புளோரிடாவிலிருந்து ஏவப்பட்ட சேலஞ்சர் விண்கலம், 73-ஆம் விநாடியில் வானிலேயே சிதறியது. பள்ளி ஆசிரியை ஒருவர் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர்.

ராக்கெட்டின் பகுதிகள் இணையும் இடத்தில் இருந்த ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் நெகிழ்வை இழந்ததும், வெப்ப வாயு வெளியேறியதும் காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. ஆனால் இந்த ஆபத்தை எவரும் அறியாமல் இல்லை. அந்த ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், முந்தைய இரவே தொலைபேசிக் கலந்தாய்வில் இதை எடுத்துச் சொன்னார்கள். வெப்பநிலை ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்பது அவர்களுடைய பரிந்துரை. மறுநாள் அதிகாலையில் அங்கே உறைபனி நிலவும் என்று வானிலை அறிவிப்பு இருந்தது.

விண்வெளி நிறுவனத்தின் நடுநிலை அதிகாரிகள் இந்தப் பரிந்துரையைக் கேட்டு எரிச்சலடைந்தார்கள். தயாரிப்பு நிறுவனத்தின் மேலிடம் தனியே கூடிப் பேசியது. பொறியியல் பிரிவின் தலைவரிடம், பொறியாளரின் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியை அணிந்துகொள்ளுமாறு அவருடைய மேலதிகாரி சொன்னார். பரிந்துரை மாறிற்று. ஏவலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

விசாரணைக் குழு பின்னர் கண்ட உண்மை இன்னும் வேதனையானது. ஏவுவதற்கு இறுதி ஒப்புதல் அளித்த உயர்மட்டத்தினருக்கு, பொறியாளர்கள் முதலில் மறுத்தார்கள் என்பதே தெரிந்திருக்கவில்லை. எச்சரிக்கை நடுவழியில் நின்றுவிட்டது. அறிவு கீழே இருந்தது, அதிகாரம் மேலே இருந்தது. இரண்டுக்கும் இடையில் சில அலுவலர்களின் எரிச்சலும் அவசரமும் இருந்தன.

தலைக்கு மேலே ஒரு கயிறு

இதற்கு நேர்மாறான ஏற்பாட்டை ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலைகள் செய்துகாட்டின. அங்கே உற்பத்தி வரிசையில் நிற்கும் தொழிலாளியின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு தொங்கும். வேலையில் குறை தென்பட்டால் அவர் அதை இழுக்க வேண்டும். உடனே விளக்கு எரியும். குழுத் தலைவர் விரைந்து வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசையே நின்றுவிடும். இந்த விளக்குப் பலகைக்கு அன்டோன் என்று பெயர். ஜப்பானிய மொழியில் அது காகித விளக்கைக் குறிக்கும் சொல்.

ஒரு சாதாரணத் தொழிலாளி தொழிற்சாலையின் வரிசையையே நிறுத்தலாமா என்று பழைய மேலாளர்கள் திகைத்தது இயல்பே. வரிசை நின்றால் நிமிடத்துக்கு நிமிடம் இழப்பு. ஆனால் குறையோடு கார் வெளியேறினால் ஏற்படும் இழப்பு அதைவிடப் பெரிது என்பது டொயோட்டாவின் கணக்கு. இந்தக் கயிற்றின் உயிர் கயிற்றில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இழுத்தவரிடம் ஓடிவருகிற தலைவரின் முதற்சொல்லில் இருக்கிறது. "எங்கே, பார்க்கலாம்" என்று அவர் சொன்னால் கயிறு மறுநாளும் இழுக்கப்படும். "உன்னால்தான் எல்லாம் நின்றது" என்று சொன்னால், அடுத்த நாள் முதல் அது வெறும் அலங்காரம்.

இந்தியாவின் செயற்கைக்கோள் ஏவுகணையான எஸ்.எல்.வி.-3, 1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று முதல் முயற்சியில் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் செய்தியாளர்களை எதிர்கொண்டு பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோது, செய்தியாளர் முன்னே பேசுமாறு கலாமை அனுப்பினார் அவர். பலமுறை கேட்ட கதைதான். கதையின் மறுபாதியை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். பழியைத் தலைவர் தாங்கிக்கொண்டால், குழுவினர் தங்களைக் காப்பாற்றிக்கொள்வதில் அறிவைச் செலவிட வேண்டியதில்லை. எங்கே தவறிற்று என்று வெளிப்படையாக ஆராயலாம். இடையில் கழிந்த பதினொரு மாதங்களில் அவர்கள் செய்த வேலை அதுவே.

கேட்கும் முறை

கீழிருந்து சொல் வருவதற்கு மேலாளர் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றுக்குப் பணச் செலவு இல்லை.

முதலாவது, கெட்ட செய்தி கேட்டவுடன் சொல்லும் முதல் வாக்கியம். அதைக் கோபத்தின் கையில் கொடுத்துவிடக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தை, சொன்னவர் மட்டுமல்லாமல் அலுவலகம் முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, கேள்வி கேட்கும் விதம். "எல்லாம் சரிதானே?" என்று கேட்டால், "சரி சார்" என்பதைத் தவிர வேறு விடைக்கு இடமில்லை. "இன்று எந்த வேலை சிரமமாக இருந்தது?" என்று கேட்டால் ஏதேனும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மேலாளர் தம் அறைக்கு அழைத்துக் கேட்பதைவிட, ஊழியரின் இருக்கைக்குச் சென்று கேட்பது இன்னும் நல்லது. அறைக்கு அழைக்கப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வருகிறார். தம் இருக்கையில் இருப்பவர் வேலையைக் காட்டிப் பேசுகிறார்.

மூன்றாவது, கட்டளையிடும்போதே காரணத்தையும் சேர்த்துச் சொல்வது. "இந்த அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்பது கட்டளை. "சனிக்கிழமை தணிக்கையாளர் வருகிறார், அவருக்கு முதலில் தேவைப்படுவது இது" என்று சேர்த்துச் சொன்னால், வேறு தாள்களும் தேவைப்படும் என்பதை ஊழியரே நினைவூட்டுவார். காரணம் தெரியாதவர் சொன்னதை மட்டும் செய்வார். தெரிந்தவர் சொல்ல மறந்ததையும் செய்வார்.

நான்காவது, பெற்ற யோசனைக்கு விடை சொல்வது. ஏற்க முடியாத யோசனையாக இருக்கலாம். ஏன் ஏற்கவில்லை என்று இரண்டு வரியில் சொன்னால் போதும், சொன்னவர் மறுபடி வருவார். ஒன்றும் சொல்லாமல் விட்டால், கிணற்றில் போட்ட கல் என்று முடிவு செய்துகொள்வார். ஊழியருக்கு ஊக்கம் தருவது எது என்று தேடுவோர் பதவி உயர்வையும் பரிசுகளையும் நினைக்கிறார்கள். தம் சொல்லால் ஒரு சிறு மாற்றம் நடந்ததைக் காண்பது, பலருக்கு அவற்றினும் நீண்ட நாள் நிற்கும் ஊக்கம்.

இவ்வளவு இளகினால் ஒழுங்கு என்னாவது என்ற ஐயம் எழலாம். அது நியாயமான ஐயம். பிழை வேறு, மோசடி வேறு. கை தவறியவரையும் கை வைத்தவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. பிழையைச் சொன்னவரிடமும் அது மீண்டும் நேராதிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டே ஆக வேண்டும். விதிப்படி எழுத வேண்டியதை எழுதவும் வேண்டும். ஆனால் அதைத் தனியறையில் செய்யலாம், தாழ்ந்த குரலில் செய்யலாம். கண்டிப்புக்குச் சாட்சிகள் தேவையில்லை.

வீட்டுக்கும் இது பொருந்தும். மதிப்பெண் அட்டையைப் பையின் அடியில் ஒளித்து வைக்கும் பிள்ளை, பெரும்பாலும் பொய் சொல்லும் குணத்தால் ஒளிப்பதில்லை. சென்ற முறை அட்டையைக் காட்டியபோது நடந்தது அதற்கு நினைவிருக்கிறது.

மேலாளரின் இழுப்பறை

அந்த வங்கிக் கிளையில் பிறகு என்ன நடந்தது?

மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் மேலாளர் எல்லோரையும் கூட்டினார். சுற்றறிக்கை எதையும் கையில் எடுத்து வரவில்லை. "சென்ற மாதம் இருநூறு ரூபாய்க்காக நான் பேசிய பேச்சு தவறு. எல்லோர் எதிரிலும் பேசினேன். அதனால் எல்லோர் எதிரிலும் சொல்கிறேன்" என்றார். சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டார். எவரும் எதுவும் பேசவில்லை. காசாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நடந்ததை அவர் மூடி மறைக்கவும் இல்லை. சொந்தப் பணத்தைக் கல்லாவில் சேர்ப்பது வங்கி விதிகளுக்கு மாறானது. குறைவை மறைப்பது அதைவிடத் தவறு. காசாளரிடம் அதைத் தனியே விளக்கினார். நடந்தவற்றை எழுதி வாங்கி மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினார். கூடவே, காசாளர் தம்மிடம் சொல்ல அஞ்சியதற்குத் தம் நடத்தையே காரணம் என்று தம் கைப்பட ஒரு பத்தி எழுதிச் சேர்த்தார். சில வாரங்களில் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. மேலாளர் தம் கடிதத்தைக் கோப்பில் சேர்த்த பின், அதன் நகல் ஒன்றை மேசையின் மேல் இழுப்பறையில் வைத்துக்கொண்டார். காசாளரின் மனைவியுடைய சங்கிலியும் வளையல்களும் திரும்பி வந்தன. ஒரு மாத வட்டி மட்டும் போனது போனதுதான்.

நான்கைந்து மாதங்கள் சென்றன. ஒருநாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட நிறையாத இளம் எழுத்தர் ஒருத்தி மேலாளரின் அறை வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"சார், ஒரு தப்பு செய்துவிட்டேன். ஒரே பெயரில் இரண்டு பேருக்குக் கணக்கு இருக்கிறது. ஒருவருடைய பணத்தை இன்னொருவர் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். அவர் அதில் பாதியை எடுத்தும்விட்டார்."

மேலாளருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அது வராமல் இருப்பதற்கு அவர் துறவி அல்லவே. அவருடைய கை தன்னையறியாமல் மேல் இழுப்பறையின் பிடியைத் தொட்டது. ஒரு கணம் அப்படியே இருந்தார்.

"நல்ல வேளை, இன்றைக்கே சொன்னீர்களம்மா. முதலில் உட்காருங்கள். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார், பார்க்கலாம்" என்றார்.

அறையின் கதவு திறந்தேயிருந்தது. கவுன்ட்டரில் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த காசாளரின் காதில் அது விழுந்தது. அவர் விரல்கள் நின்றன. எதுவரை எண்ணினோம் என்பது மறந்துபோயிற்று. கட்டை மறுபடி நேராக்கி, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.